ஏழில் இரண்டு

புத்தளம் நகரிலிருந்து வடக்கே மன்னாரை நோக்கிச் செல்லும் பழைய வீதியில் அமைந்துள்ளது வண்ணாத்திவில்லு. மேற்கே களப்பு, வடக்கே செல்லச் செல்லக் காடு. மழைநீர் தேங்கி நிற்கும் இயற்கைப் பள்ளத்தை இப்பகுதியார் வில்லு என வழங்குவர். அண்டையிலுள்ள வில்பத்துக் காட்டிற்கும் அத்தகைய வில்லுகளே அணி செய்கின்றன. மரமுந்திரிகைத் தோட்டம், சீமெந்துத் தொழிற்சாலைக்கெனச் சுண்ணக்கல் அகழும் நிலம், களப்பு மீன்பிடி என்பன இப்பகுதியாரின் பிழைப்புக்குரிய வழிகளாம். தமிழும் சிங்களமும் ஒரே கடையில், சில வேளைகளில் ஒரே வாக்கியத்தில், ஒலிக்கக் கேட்கலாம். இங்கு வீதியோரத் தேநீர்க் கடையொன்றின் சுவரில் பல்லாண்டுகளாகக் கரும்பலகையொன்று தொங்குகின்றது. பிளேன்ரீயின் விலையோ வடையின் விலையோ அதில் எழுதப்படுவதில்லை. உலகக் கிண்ணத் துடுப்பாட்டம் காலிறுதிக் கட்டத்தை எட்டியதும், இன்னார் இன்னாரை வெல்வர் என்பது வெண்கட்டியால் அதில் எழுதப்படும். கீழே, ஓரிரு வரியில், காரணம்.

இதனை எழுதுபவர் வண்ணாத்திவில்லிற் பிறந்தவரல்லர், மன்னார்த் தீவினர். 1990 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வடமாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட காலை, தீவினர் பலரையும் போலவே மனைவி மக்களுடன் வள்ளமேறிக் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கியவர். ஓலைக் கொட்டிலில் சில காலம் கழிந்தது. பின்னர் உறவினர் சிலர் புத்தளம் நகரிலேயே கடை வைக்குமாறு வற்புறுத்தியும் கேளாது வண்ணாத்திவில்லுக்கு வந்து சேர்ந்தார். "ஊருக்குப் போற றோட்டு இதுதானே" என்பதே அவர் கூறிய நியாயம். வீதி இருந்தது உண்மையே. எனினும் அது காட்டினூடாகச் செல்லும் வீதி. போர்க்காலம் முழுவதும் அதில் மன்னாருக்குப் போக்குவரத்து இருக்கவில்லை. போக்குவரத்தற்ற வீதியின் ஓரத்தில் வாணிபம் செய்யத் துணிந்தவர் எதிர்காலத்தைக் கணிப்பதில் வல்லவர் என்று பெயரெடுத்தமை சற்று வேடிக்கையானதே.

இளையோர் யாவரும் அவரை நானா என்றே அழைத்தனர். இக்கட்டுரைக்கும் அப்பெயரே போதும்.

நானாவின் துடுப்பாட்ட அறிவு வானொலியால் வந்தது. மன்னாரில் இலங்கை வானொலியும் கேட்கும், இந்திய வானொலியும் கேட்கும். கடலில் வலை வீசிக் காத்திருக்கும் பொழுதுகளில் இரண்டையும் மாறி மாறிக் கேட்டு வளர்ந்தவர் அவர். ஓர் ஆட்டத்தைக் கண்ணாற் காணாது காதால் மட்டும் கேட்பவன் எண்களின் மேற் கவனங் கொள்ளல் இயல்பு. எத்தனையாம் ஓவர், எத்தனை ஓட்டம், எவர் எஞ்சியுள்ளார் என்பவற்றை மனத்தில் அடுக்கிக் கொண்டாலன்றி அவனுக்கு ஆட்டமே இல்லை. அவ்வாறு அடுக்கியவை பின்னர் கொப்பியொன்றில் ஏறின. மைதானம், ஆடுகளத்தின் தன்மை, நாணயச் சுழற்சியில் வென்றவர், முதலில் ஆடியவர், முடிவு எனக் கோடிட்ட கொப்பி. பலகையில் எழுதுவது ஊருக்கு. கொப்பியில் எழுதுவது தமக்கு. ஆட்டம் முடிந்ததும், ஆசிரியர் விடைத்தாள் திருத்துவது போலச் சிவப்பு மையினால் சரி என்றோ பிழை என்றோ தாமே குறித்துக் கொள்வார்.

இவ்வழக்கத்திற்கு எதிர்ப்பும் இல்லாமலில்லை. மறைவானவற்றை இறைவன் ஒருவனே அறிவான். நாளை நடப்பதை இன்றே எழுதுவது குறி சொல்வதாகாதா எனப் பள்ளிவாசலில் பெரியவர் ஒருவர் கேட்டார். நானா அதற்குக் கூறிய விடை இன்றும் அவ்வூரில் நினைவுகூரப்படுகின்றது. புத்தளத்து உப்பளங்களில் வேலை செய்வோர் கருக்கலைப் பார்த்து மழை வரும் என்கின்றனர்; வாருவதற்குமுன் மழை பெய்துவிட்டால் விளைந்த உப்பு அத்தனையும் கரைந்துபோம்; அவர்கள் குறி சொல்பவர்களா, மேகத்தைப் படிப்பவர்களா? பெரியவர் சிரித்துவிட்டுப் போனாராம். இன்னொரு சாராரின் தொல்லை வேறு வகையானது. பலகையைப் பார்த்துப் பந்தயம் கட்ட விழைந்த இளைஞர் அவர்கள். அவர்களிடத்து அவர் கடுமையாகவே நடந்து கொண்டார். காசு வைப்பவனுக்குத் தேநீர் இல்லை என்பது கடையின் சட்டம். சூது மார்க்கத்தால் விலக்கப்பட்டது என்பது முதற் காரணம். காசு வைத்தவனின் மூளை தான் வைத்த பக்கத்திற்கே நியாயம் தேடும் என்பது இரண்டாவது காரணம். இவ்விரண்டாவதை மெய்யியல் பயிலும் மாணவர் சிந்தித்துப் பார்த்தல் தகும்.

காலிறுதிக்கு முந்திய ஆட்டங்களுக்கு அவர் எதுவும் எழுதுவதில்லை. குழுநிலை ஆட்டங்களில் ஒரு நாள் தோற்றவன் மறுநாள் வெல்லலாம். ஈற்றில் வலியவன் மேலே வந்துவிடுவான். அதைக் கணிப்பதில் என்ன இருக்கிறது என்பது அவர் எண்ணம். தோற்றவர் வீடு திரும்பும் விலகல் ஆட்டமே அவரை ஈர்த்தது. நம் நாட்டின் எல்லே விளையாட்டிற்கு உறவெனத்தக்க பேஸ்போல் அமெரிக்காவிற் பெருவழக்கு. அங்கு அணியொன்று ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகின்றது. அதன் பின்னரும் இறுதி வெற்றியை ஒரே நாளில் தீர்மானிக்க அவர்கள் ஒருப்படுவதில்லை; ஏழு ஆட்டத் தொடரில் நான்கை முதலில் வெல்பவருக்கே பட்டம். ஒரு நாளின் அதிர்ஷ்டத்தை ஏழு நாட்களிற் கரைத்துவிடும் ஏற்பாடு அது. துடுப்பாட்டமோ நான்காண்டுக் காத்திருப்பை ஒரு பிற்பகலில், ஒரு நாணயத்தின் விளிம்பில் நிறுத்துகின்றது. கணிப்பவனுக்கு இதைவிடக் கொடிய களம் வேறில்லை.

நானாவின் புகழ் 1996 ஆம் ஆண்டிற்கு உரியது. அவ்வாண்டின் உலகக் கிண்ணத்தை இந்தியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து நடத்தின. போட்டி தொடங்குவதற்குச் சில நாட்களின் முன், சனவரி 31 இல், கொழும்பில் மத்திய வங்கி குண்டினால் தகர்க்கப்பட்டது. அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வர மறுத்தன. அவ்வாட்டங்களின் புள்ளிகள் ஆடாமலே இலங்கைக்குக் கிடைத்தன. இந்திய, பாகிஸ்தானிய வீரர்கள் ஒரே அணியாகக் கொழும்பு வந்து ஆடிச் சென்றமை அந்நாட்களின் ஆறுதல். மறுபுறம், தமிழ் பேசுவோர் எங்கும் சந்தேகத்துடன் நோக்கப்பட்ட நாட்களும் அவைதாம். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டும்போது அதில் மன்னார் முகவரி இருப்பது எளிய விடயமன்று. புலிகளால் துரத்தப்பட்டவன் என்பதை அட்டை சொல்லாது; முகவரியை மட்டுமே அது சொல்லும்.

இந்நிலையிலேயே காலிறுதி வந்தது. மின்சாரம் எட்டாத வீட்டார் பலர் கார் பற்றரியிற் தொலைக்காட்சி பார்த்த காலம். கடையிலும் அவ்வாறே ஒரு சிறு பெட்டி இருந்தது. நான்கு ஆட்டங்களுக்கும் நானா எழுதினார். இங்கிலாந்தை இலங்கை வெல்லும் என்றார். மார்ச் 9 இல் பைசலாபாத்தில் சனத் ஜயசூரிய 44 பந்துகளில் 82 ஓட்டங்கள் குவிக்க, அவ்வாறே நடந்தது. அதே நாளில் பெங்களூரில் இந்தியாவைப் பாகிஸ்தான் வெல்லும் என்றார். முன்னைய கிண்ணத்தை வென்றவர்கள் என்பது காரணம். பாகிஸ்தான் தோற்றது. அணித்தலைவர் வசீம் அக்ரம் காயத்தால் அன்று ஆடவேயில்லை என்பது பலகைக்கு எவ்வாறு தெரியும்? மார்ச் 11 இல் கராச்சியில் தென்னாபிரிக்கா மேற்கிந்தியரை வெல்லும் என்றார். இதில் அவருக்குச் சிறிதும் ஐயமிருக்கவில்லை. தென்னாபிரிக்கா தன் குழுவின் ஐந்து ஆட்டங்களையும் வென்றிருந்தது, மேற்கிந்தியர் கென்யாவிடமே 93 ஓட்டங்களுக்குச் சுருண்டு தோற்றிருந்தனர். பிரையன் லாரா 111 ஓட்டங்கள் எடுத்தார். தென்னாபிரிக்கா 19 ஓட்டங்களால் வெளியேறிற்று. அக்களத்திற்குச் சுழற்பந்தே உகந்ததெனக் கருதி அலன் டொனால்டை அவர்கள் அன்று நிறுத்தி வைத்திருந்தனர். அதே நாளில் சென்னையில் அவுஸ்திரேலியா நியூசிலாந்தை வெல்லும் என்றது மட்டும் சரியாயிற்று. நான்கில் இரண்டு. நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் இவ்வளவே கிடைத்திருக்கும் எனப் பையன்கள் கேலி செய்தனர்.

கல்கத்தா அரையிறுதிக்கு அவர் எழுதியது இது: "இலங்கை; இரண்டாவதாக ஆடினால்." டில்லியில் நடந்த குழுநிலை ஆட்டத்தில் இந்தியாவின் 271 ஓட்டங்களை இலங்கை எளிதாகத் துரத்திப் பிடித்தமையே காரணம். இந்திய அணித்தலைவர் அசாருதீனும் அதே கணக்கைப் போட்டிருப்பார் போலும். மார்ச் 13 இல் நாணயச் சுழற்சியில் வென்ற அவர் இலங்கையை முதலில் ஆடவிட்டார். முதல் ஓவரிலேயே களுவிதாரணவும் ஜயசூரியவும் வெளியேறினர். கடையில் அழாக்குறை. பின்னர் அரவிந்த டி சில்வா 47 பந்துகளில் 66 ஓட்டங்கள் அடித்ததும், ரொஷான் மகாநாம 58 ஓட்டங்களுடன் தசைப்பிடிப்பால் களத்தை விட்டுச் சென்றதும், 98 ஓட்டங்களுக்கு ஒரே விக்கெட்டை இழந்திருந்த இந்தியா ஆடுகளம் உடைந்து திரும்பத் தொடங்கியதும் 120 ஓட்டங்களுக்கு எட்டு விக்கெட்டுகள் எனச் சரிந்ததும், போத்தல்களும் நெருப்புமாய் மைதானம் மாற, மத்தியஸ்தர் கிளைவ் லொயிட் ஆட்டத்தை இலங்கைக்கு அளித்ததும் யாவரும் அறிந்தவையே. ஊர் கொண்டாடிற்று. நானாவோ கொப்பியில் சிவப்பு மையால் பிழை என எழுதினார். வென்றது இலங்கைதானே என வாதாடியவர்களுக்கு அவர் சொன்னது: "விடை சரிதான் தம்பி. வழி பிழை. கணக்குப் படிப்பிக்கிற மாஸ்டர்கிட்ட கேட்டுப் பாருங்க, புள்ளி குடுப்பாரா எண்டு."

தம் கணிப்பிற்குத் தாமே இத்துணை இரக்கமற்ற நடுவராக இருப்போர் கற்றோரிடையேயும் அரியர். நினைத்தது வேறு காரணத்தால் நிகழ்ந்துவிட்டாலும், நான் அன்றே சொன்னேன் என்பவரே நம்மிற் பலர்.

மறுநாள் மொகாலியில் மேற்கிந்தியர் அவுஸ்திரேலியாவை வெல்வர் என எழுதியிருந்தார். 208 ஓட்டங்கள் தேவைப்பட்ட ஆட்டத்தில் 165 ஓட்டங்களுக்கு இரண்டே விக்கெட்டுகளை இழந்திருந்தவர்கள், மீதி எட்டையும் 37 ஓட்டங்களுக்குள் பறிகொடுத்து ஐந்து ஓட்டங்களால் தோற்றனர். அதுவும் பிழை. அன்றிரவு அவர் கொப்பியை மூடிவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தார் என்பர்.

எஞ்சியது லாகூர் இறுதியாட்டம். மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை. இம்முறை அணியின் பெயரை அவர் எழுதவில்லை. "முதலில் ஆடுபவர் வெல்வர்" என்று எழுதினார். காரணமும் இருந்தது: 1975, 1979, 1983, 1987, 1992 ஆகிய ஐந்து இறுதியாட்டங்களிலும் முதலில் துடுப்பெடுத்தாடிய அணியே கிண்ணத்தை வென்றிருந்தது. பெரிய ஆட்டத்தில் துரத்துபவனின் கை நடுங்கும் என்பது அவர் கண்ட விளக்கம். இலங்கை நாணயச் சுழற்சியில் வெல்லும், முதலில் ஆடும் என்று அவர் உள்ளூர நம்பியிருக்கவும் கூடும். பிற்பகலில் நாணயம் விழுந்தது. வென்றவர் அர்ஜுன ரணதுங்க. அவர் களத்தடுப்பைத் தெரிவு செய்தார்.

ஒரு கணம் கடையில் எவருக்கும் புரியவில்லை. பின்னர் எல்லோரும் பலகையை நோக்கினர். யாரும் கை வைக்காமலே அது அவுஸ்திரேலியாவின் பக்கம் சாய்ந்திருந்தது.

இஃது இன்று வாசிப்போருக்கு நகைப்பை விளைக்கலாம். அன்று கடையிலிருந்தோர் நகைக்கவில்லை. மன்னார் முகவரியுள்ள ஒருவரின் கடைச் சுவரில், நாடு முழுவதும் ஒரே மூச்சாய் நின்ற நாளில், இலங்கை தோற்கும் என்று எழுதியிருப்பதாகவே அதை ஒருவர் எடுத்துச் சொல்லலாம். அவ்வாறு சொல்ல விரும்புவோர் எக்காலத்தும் உளர். அடுத்த வீட்டுச் சிங்களப் பெரியவர், நானாவின் நெடுநாளைய நண்பர், காதோடு காதாய்ச் சொன்னார்: பலகையைத் திருப்பி வையுங்கள் முதலாளி, அல்லது அழித்துவிடுங்கள். நானாவின் மனைவியும் உள்ளிருந்து சேலைத் தலைப்பால் துடைக்க வந்தார். நானா இருவரையும் தடுத்தார். நாணயத்துக்கு முன் எழுதியதை நாணயத்துக்குப் பின் அழித்தால், இதுவரை எழுதியது அத்தனையும் பொய்யாகும் என்பது அவர் வாதம். பிடிவாதம் என்றும் சொல்லலாம். மனைவி மக்களின் பாதுகாப்பை ஒரு பலகைக்காகப் பணயம் வைத்தல் முறைதானா என்று கேட்டால், அதற்கு விடையளித்தல் எளிதன்று.

அஞ்சியவாறே சாவடியிலிருந்து இரு படைவீரர் தேநீர் அருந்த வந்தனர். ஒருவர் பலகையைச் சுட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று சிங்களத்திற் கேட்டார். நானா ஒளிக்காமற் சொன்னார். ஐந்து இறுதியாட்டங்களையும் ஆண்டு தவறாது எண்ணிக் காட்டினார். கடை அமைதியாயிற்று. வீரர் தேநீரை ஓர் உறிஞ்சு உறிஞ்சிவிட்டுக் கேட்டார்: அப்படியானால் முதலாளிக்கு யார் வெல்ல வேண்டும்? "மாத்தயா, நான் எழுதுறது என்ன நடக்கும் எண்டு. என்ன நடக்கணும் எண்டு விடியச் சுபஹுக்கே கேட்டுட்டேன். அத எழுதுற வழக்கமில்ல." இதனைத் தம் அரைகுறைச் சிங்களத்தில் அவர் சொல்லி முடித்தபோது வீரர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு இருவரும் வாங்கில் அமர்ந்து ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கினர்.

அவுஸ்திரேலியா 241 ஓட்டங்கள் எடுத்தது. இலங்கை 23 ஓட்டங்களுக்கு இரண்டு விக்கெட்டுகளை இழந்தபோது எல்லோரது கண்ணும் மறுபடி பலகைக்குச் சென்று மீண்டது. அதன் பின் அசங்க குருசிங்க 65 ஓட்டங்கள். அரவிந்த ஆட்டமிழக்காது 107. ரணதுங்க ஆட்டமிழக்காது 47. ஏழு விக்கெட்டுகளால், 22 பந்துகள் மீதமிருக்க, கிண்ணம் இலங்கைக்கு. வெடிச்சத்தம் கேட்டு அஞ்சிப் பழகிய ஊரில் அன்றிரவு வெடிச்சத்தம் கேட்டு எவரும் அஞ்சவில்லை. நானா வெண்கட்டியை எடுத்துப் பலகையின் குறுக்கே "பிழை" என்று எழுதினார். இரண்டு எழுத்துகள் பலகை முழுவதையும் அடைத்தன. அன்று தேநீருக்கு அவர் காசு வாங்கவில்லை.

ஏழு ஆட்டங்கள், ஐந்து பிழை, இரண்டு சரி. கணிப்பாளர் என்ற வகையில் இதைவிட மோசமான பருவம் அவருக்குப் பின்னர் வாய்க்கவில்லை. ஆயினும் பலகையைக் காணவென்றே புத்தளத்திலிருந்து ஆட்கள் வரத் தொடங்கியது அவ்வாண்டிலிருந்துதான்.

புகழோடு வேறு கேள்விகளும் வந்தன. முகாம்களிலிருந்து வந்தோர், பெரும்பாலும் மூதாட்டிமார், "வாப்பா, நாங்க எப்ப ஊருக்குப் போவோம்? அதையும் ஒருக்கா எழுதுங்களேன்" என்பர். அவர் எழுதியதில்லை. மைதானமும் தெரியாது, எதிரணியும் தெரியாது, யார் நாணயம் சுண்டுவது என்பதும் தெரியாது எனச் சிரித்து மழுப்புவார். ஆனால் எழுதியிருந்தார். அக்கொப்பியின் முதற்பக்கத்தில், துடுப்பாட்டத்தோடு தொடர்பற்ற ஒரே வரி, கற்பிட்டியில் வந்திறங்கிய வாரத்தில் எழுதியது: "மூண்டு மாசத்தில் ஊர் திரும்பலாம். காரணம்: தை மாசம் பள்ளிக்கூடம் திறக்க வேணும்." ஏனைய பக்கங்களில் சிவப்பு மை இல்லாத வரி இல்லை. இவ்வரிக்கு மட்டும் சரியும் இல்லை, பிழையும் இல்லை.

2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின்போது ஒருமுறை சென்று வீட்டைப் பார்த்து வந்தார். கூரை இல்லை, உள்ளே மரம் வளர்ந்திருந்தது. 2009 இல் போர் முடிந்தபின் திரும்பிச் சென்றோர் பலர்; புத்தளத்திலேயே தங்கிவிட்டோரும் பலர். கடையின் முன்னுள்ள பழைய வீதி 2010 இல் திறக்கப்பட்டது. தேசிய வனத்தினூடாக வீதி செல்லலாமா என்ற வழக்கும் வாதமும் உடன் எழுந்தன. திரும்பிச் செல்லும் உரிமையும் காட்டைக் காக்கும் கடமையும் ஒரே வீதியில் எதிரெதிரே வந்து நின்றமை தனிக் கட்டுரைக்குரிய பொருள். நானாவின் மக்களுக்கோ புத்தளத்தில் மணவுறவுகள் ஏற்பட்டுவிட்டன. அவர் போவார் என்று சிலரும், போகார் என்று சிலரும் கடை வாங்கிலிருந்தே கணித்தனர். அவர் தங்கிவிட்டார்.

பிற்காலக் கணிப்புகளிற் குறிப்பிடத்தக்கவை சிலவே. 1999 இல் பேர்மிங்காமில் தென்னாபிரிக்காவும் அவுஸ்திரேலியாவும் 213 ஓட்டங்களுடன் சமநிலையில் முடித்தபோது, தென்னாபிரிக்கா என எழுதியிருந்த அவர் சரியும் இடாது பிழையும் இடாது இரு நாள் தத்தளித்தார். முன்னைய சுற்றில் மேல்நிலையில் நின்றமையால் அவுஸ்திரேலியாவே இறுதிக்குச் சென்றது என்பதை ஏற்று ஈற்றிற் பிழை என்றார். 2007 இல் பார்படோசில் இலங்கையை அவுஸ்திரேலியா வெல்லும் என எழுதினார். அடம் கில்கிறிஸ்ட் 149 ஓட்டங்கள் விளாசி அதைச் சரியாக்கினார். அந்தச் "சரி" கொப்பியில் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிதாக உள்ளது. 2011 இல் மும்பாயில் இறுதியாட்டத்தின் நாணயம், அழைத்த குரல் மத்தியஸ்தருக்குக் கேளாமையால், இருமுறை சுண்டப்பட்டது. நாணயத்தின் மீதே வாழ்நாள் ஆராய்ச்சியைக் கட்டியிருந்த மனிதருக்கு இதைவிடப் பெரிய அதிர்ச்சி இருந்திருக்க முடியாது. முரளிதரனின் கடைசி ஒருநாள் ஆட்டம் அது. அன்று இலங்கை என எழுதி, காரணத்திற்குரிய இடத்தை வெறுமையாக விட்டிருந்தார். மஹேல ஜயவர்தனவின் ஆட்டமிழக்காத 103 ஓட்டங்களும் போதாமல் இந்தியா ஆறு விக்கெட்டுகளால் வென்றது.

இப்பொழுது கடையை நடத்துபவர் மகன். பேரப் பிள்ளைகள் கைத்தொலைபேசியைத் தட்டி, எந்த அணிக்கு நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று ஓவருக்கு ஓவர் வாசித்துக் காட்டுகின்றனர். பந்துக்குப் பந்து மாறுவது கணிப்பல்ல, செய்தி என்பது நானாவின் தீர்ப்பு. 2023 செப்டெம்பர் 17 இல் கொழும்பில் ஆசியக் கிண்ண இறுதியாட்டம். பேரன் தடுத்தும் கேளாது பலகையில் இந்தியா என எழுதினார். ஆட்டம் இரவு வரை நீளும், கூட்டம் நிற்கும் எனக் கருதி வழக்கத்தைவிட இரு மடங்கு பால் வாங்கச் சொன்னவரும் அவரே. மொஹமட் சிராஜ் 21 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட்டுகளைச் சாய்க்க, இலங்கை 15.2 ஓவர்களில் 50 ஓட்டங்களுக்குச் சுருண்டது, இந்தியா 6.1 ஓவர்களில் வேலையை முடித்தது. பொழுது சாயுமுன் கடை வெறுமையாயிற்று. நானா கொப்பியில் சரி எனக் குறித்து, அதன் கீழ் எழுதினார்: "பால் கணக்குப் பிழை." மிஞ்சிய பாலை மருமகள் உறைக்கு ஊற்றினார்.